பைய வா மக்கா

பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். ஊருக்குப் போவது காரிலா, பிளேனிலா? நடுவர் நாற்காலியில் நான். தீர்ப்பு மட்டும் என் மனைவியுடையது.

உங்கள் வீட்டிலும் இது நடக்கும். ஊரின் பெயர்தான் வேறாக இருக்கும்.

'நடுவுல ரயில்னு ஒண்ணு இருக்கே சார்' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. 60 நாளுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். எட்டு மணி ரெண்டு நிமிஷத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற தென்மாவட்டத்துக்காரன் எவனுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர் தோவாளைக்குப் பக்கம். பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன அதே தோவாளைதான். குரோம்பேட்டையில் இருக்கிற என் வீட்டு வாசலில் இருந்து ஊர் வீட்டுத் திண்ணைக்கு ஏறக்குறைய 680 கிலோமீட்டர். காரில் போனால், சாப்பாடு, டீ, பையனுக்கு ஒதுங்க இடம் எல்லாம் சேர்த்து பதினொன்றில் இருந்து பன்னிரண்டு மணி நேரம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 45 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாலாயிரத்து ஐநூறு. அதோடு பரனூரில் ஆரம்பித்து நாங்குநேரி வரைக்கும் ஒரு டஜனுக்குக் குறையாத டோல்கேட்.

பிளேன் என்றால் வேறு கணக்கு. எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது விமானம் தலைக்கு மேலேதான் போகும். அவ்வளவு பக்கம். ஆனாலும் இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்கார வேண்டும். பறப்பது ஒன்றரை மணி நேரத்துக்குள். பெட்டி வர அரை மணி. இறங்கின இடத்தில் இருந்து டாக்சியில் இரண்டேகால் மணி நேரம். கூட்டிப் பாருங்கள், ஆறரை மணி நேரம். ஆக, மிச்சமாவது ஐந்து மணி நேரம்தான். அந்த ஐந்து மணி நேரத்துக்கு நாலு டிக்கெட்டின் விலை. பண்டிகைச் சமயத்தில் அந்த விலையைக் கேட்டால் ஊருக்குப் போகிற ஆசையே போய்விடும்.

'இரண்டேகால் மணி நேர டாக்சியா, அது எந்த ஏர்போர்ட்?' என்கிறீர்களா? அங்கேதான் எங்கள் மாவட்டத்துக் கதை இருக்கிறது.

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில். எங்கள் ஊரில் இருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். மற்றபடி எங்களுக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. பிரிந்து வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், சென்னையில் இருந்து ஊருக்குப் பறக்கிறவன் பழைய தலைநகரத்தில் போய் இறங்கி, களியக்காவிளை வழியாகத் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறான். எங்கள் வீட்டில் அம்மை இதைக் கேலியாகச் சொல்லுவாள். 'ராஜா கிட்ட கேட்டுட்டுத்தான் வீட்டுக்கு வர முடியும், பாத்துக்கோ.'

ராஜா மட்டுமல்ல, சாமியும் உண்டு. மன்னராட்சிக் காலத்தில், 1932ல் உருவான விமான நிலையம் அது. பத்மநாப சுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிற பாதையில் ஓடுபாதை குறுக்கே கிடக்கிறது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சாமி போய்த் திரும்பும்வரை சில மணி நேரம் விமானங்கள் ஓடாது. சாமிக்கு அவசரம் கிடையாது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதியும், வேளிமலையில் இருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்தில் இருந்து முன்னுதித்த நங்கையும் வருஷா வருஷம் இதே சாலை வழியாக ஊர்வலமாகத்தான் திருவனந்தபுரம் போகிறார்கள். வழியில் தங்கி, தங்கி. அவசரம் எல்லாம் நமக்குத்தான்.

எங்கள் வீட்டுப் பட்டிமன்றத்தில் நான் எப்போதும் கார் கட்சி. அதற்குக் காரணம் வெறும் பணமில்லை. மதுரை தாண்டி 44ஆம் எண் நெடுஞ்சாலையில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று ஒவ்வொரு ஊராகக் கழியக் கழிய உடம்பில் ஒரு இளக்கம் வரும். காவல்கிணறு விலக்கில் நேரே போகிற சாலை கன்னியாகுமரிக்கு. வலதுபக்கம் திரும்பினால் நம்ம சாலை. முப்பந்தல் காற்றாலைகள் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று காரை லேசாகப் பிடித்துத் தள்ளும். ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவேன். பையன் தலையை நீட்டுவான், அம்மா அதட்டுவாள். ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். திரும்பி வரும்போது டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, தேங்காய், மட்டிப்பழக் குலை, மைனி கொடுத்துவிடுகிற முறுக்கு டின். பிளேன்காரன் தருவது ஆளுக்குப் பதினைந்து கிலோ. மைனியின் பாசம் அதற்குள் அடங்காது.

இதெல்லாம் சந்தோஷமாகப் போகிற போக்கு. வேறொரு போக்கும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

வெளியூரில் பிழைக்கிற எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊரில் இருந்து வருகிற போன். எங்கள் சித்தப்பா பம்பாயில் இருந்தார். 1974ல் தாத்தா போனபோது தந்தி அடித்தார்கள். அது போய்ச் சேர்ந்து, அவர் ரயில் பிடித்து, நாலு இடத்தில் மாறி, கடைசியில் திருநெல்வேலியில் பஸ் ஏறி வந்தார். அப்போது நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருநெல்வேலியோடு ரயில் பாதை இணைந்தது 1981ல்தான். சித்தப்பா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறு அடியந்திரத்துக்கு இருந்துவிட்டுப் போனார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, அவரையும் யாரும் குறை சொல்லவில்லை. தூரம் என்றால் அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நம் காலத்தில் தூரத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. போன் உடனே வந்துவிடுகிறது. வாசலில் கார் நிற்கிறது. தலைக்கு மேலே விமானம் போகிறது. அதனால், வராமல் போனால் குற்றம். பிந்தி வந்தாலும் குற்றம்.

2011ல் ஒரு ராத்திரி. பதினொன்றே கால் மணி. அண்ணன்.

'தம்பி, அப்பா போயிட்டாருலே.'

எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணனே பேசினார். 'நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கணும்னு பேசிருக்கு. நீ வந்திருவேல்லா?'

'வந்திருவேன்' என்றேன்.

ரயில்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. பிளேன் என்றால் காலை ஏழு மணிக்குத்தான். அதில் இடமும் இருந்தது. மனைவி கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. ஏழு மணிக்கா? அதுவரைக்கும் என்ன செய்வது? அப்பா அங்கே படுத்திருக்கும்போது, நான் இங்கே குரோம்பேட்டையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதா? பன்னிரண்டேகாலுக்குக் காரை எடுத்தேன். பக்கத்தில் மனைவி. பின்சீட்டில் ஒன்பது வயது மகன், தூக்கத்தோடு தூக்கமாகக் கொண்டுவந்து கிடத்தியிருந்தோம்.

அன்றைக்கு நான் எழுந்தது காலை ஐந்தரை மணிக்கு.

விழுப்புரம் தாண்டும் வரைக்கும் கண் கொட்டவில்லை. உளுந்தூர்பேட்டையில் டீ. பெரம்பலூர் கழிந்தது ஞாபகம் இருக்கிறது. பாடாலூர் ஞாபகம் இல்லை. நாலு மணி சுமாருக்கு மனைவி 'என்னங்க!' என்று அலறியது மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கண் திறந்தபோது முன்னால் ஒரு லாரியின் முதுகு. ஓரமாக நிறுத்தியிருக்கிறான், பின்விளக்கு எரியவில்லை. நான்தான் சாலையை விட்டு அவனைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறேன். எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. இடதுபக்கக் கண்ணாடி மட்டும் போயிற்று. மகன் பின்சீட்டில் இருந்து கீழே உருண்டு விழுந்து, விழித்துப் பார்த்து, 'ஊரு வந்துட்டாப்பா?' என்று கேட்டான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. கை நடுங்கியதில் கதவைத் திறக்கத் தெரியவில்லை. கடைக்காரர் பெரியவர், துண்டைத் தலையில் கட்டியிருந்தார். டீயை நீட்டிவிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

'தப்பா நெனைக்காதீங்க தம்பி. எழவு வீட்டுக்கா?'

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

'இந்த நேரத்துல குடும்பத்தோட வர்ற காரு ஒண்ணு கல்யாணத்துக்குப் போகும், இல்ல எழவுக்குப் போகும். கல்யாணத்துக்குப் போறவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு எறங்குவாங்க.' பிறகு கடைக்குள் இருந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். 'செத்த நேரம் படுங்க. வெளிச்சம் வந்ததும் எழுப்பி விடறேன். ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதும்.'

படுத்தேன். ஒன்றரை மணி நேரம் பிணம்போலத் தூங்கினேன். மனைவி தூங்கவில்லை, சாலையையே பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. ஆரல்வாய்மொழியில் காற்று அடித்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்த பிறகு, ராத்திரி திண்ணையில் அண்ணன் கேட்டார். 'ஏம்டே, காலம்பற பிளேன் இல்லையா?'

அப்போதுதான் முதல்முறையாகக் கணக்குப் போட்டேன். ஏழு மணி விமானம். எட்டரைக்குத் திருவனந்தபுரம். ஒன்பதுக்கு வெளியே வந்து டாக்சி பிடித்தால் பதினொன்றேகாலுக்கு வீடு. காரில் வந்ததைவிட இரண்டு மணி நேரம் முன்னாடியே அப்பா முகத்தைப் பார்த்திருக்கலாம். மூணாம் வகுப்புக் கணக்கு இது. ஆபீசில் லட்சக்கணக்கில் கூட்டிக் கழிக்கிற எனக்கு அந்த ராத்திரியில் இது வரவில்லை.

ஏன் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். காசு காரணமில்லை. சீக்கிரம் போகும் என்று நினைத்தும் நான் காரை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாததால் எடுத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டால் ஏதோ செய்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. விமானத்துக்குக் காத்திருக்கிறவன் கையில் எதுவும் இல்லை, வெறுங்கை. துக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு வெறுங்கையோடு இருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை.

இது என் ஒருத்தனுடைய கோளாறும் இல்லை. 2001 செப்டம்பர் 11 அமெரிக்காவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு அந்த நாட்டு மக்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துவிட்டுத் தூரப் பயணத்துக்குக் காரை எடுத்தார்கள். கெர்ட் கிகெரென்ட்சர் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் அந்த ஒரு வருஷத்துச் சாலை விபத்துகளைக் கணக்கெடுத்தார். விமானத்துக்குப் பயந்து சாலைக்கு மாறியதால் ஏறக்குறைய 1,500 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர் மதிப்பீடு. கடத்தப்பட்ட நாலு விமானத்திலும் இருந்த பயணிகளும் ஊழியர்களுமாகச் செத்தது 246 பேர். அதைப்போல ஆறு மடங்கு ஆட்கள், செய்தியில் வராமல், ஆளுக்கொரு சாலையில் போய்விட்டார்கள்.

நம் நாட்டிலும் அதே மனசுதான். 2025 ஜூன் 12 அகமதாபாத்தில் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர். அன்றைக்கு டிவியைப் பார்த்துவிட்டு என் மாமியார் போனில் சொன்னார், 'இனிமே எல்லாரும் காரிலேயே வாங்க.' நானும் சரி என்றேன். அந்த நேரத்தில் யாருக்குத்தான் மறுத்துப் பேச வரும்? ஆனால், 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. நாளைக்கு 462. அந்த 260 உயிர் என்பது நம் சாலைகள் பதினான்கு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்கிற எண்ணிக்கை. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 17,884 பேர். நாளைக்கு 49.

சாலையில் போகிறவர்கள் எத்தனை கோடி, விமானத்தில் போகிறவர்கள் எத்தனை பேர், இரண்டையும் ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். சாலையில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் டூவீலரில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ராத்திரி நாலு மணிக்கு, தூங்காத கண்ணோடு, பிள்ளையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு ஆறுதலான கணக்கு எதுவும் கிடைக்காது.

தூக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1997ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிறவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவனுடையது போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டுச் சட்டப்படி 0.03க்கு மேல் இருந்தாலே வண்டியை ஓட்டக்கூடாது. பாடாலூர் பக்கம் கண் அசந்தபோது நான் விழித்திருந்தது இருபத்திரண்டரை மணி நேரம். ஒரு சொட்டு குடிக்காமல் முழுப் போதையில் ஓட்டியிருக்கிறேன். எந்தப் போலீஸ்காரர் ஊதச் சொன்னாலும் தேறியிருப்பேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. நாலு வினாடி கண் மூடினால் நூற்றுப் பத்து மீட்டர் டிரைவர் இல்லாத கார்.

அம்மை போனது 2022ல். அதுவும் ராத்திரிதான், பத்து மணி. அண்ணன் குரல் உடைந்திருந்தது. ஆனால், முதல் வாக்கியத்தை முடித்த கையோடு இரண்டாவதாக அவர் சொன்னது இதுதான்:

'லே, காரை எடுக்காத. வெப்ராளப்படாத. பைய வா மக்கா. நீ வந்த பொறவுதான் எடுப்போம். அம்மை காத்துக் கெடப்பா.'

எங்கள் ஊர்ப்பக்கம் 'பைய' என்றால் மெதுவாக. வயலுக்குப் போகிறவனிடமும், படி இறங்குகிற கிழவியிடமும், சைக்கிள் பழகுகிற பையனிடமும் சொல்கிற சொல். அன்றைக்கு அண்ணன் வாயில் இருந்து அது வந்தபோது, எனக்குக் காலில் இருந்த ஓட்டம் நின்றது.

ஆனாலும் மனுஷ மனசு லேசுப்பட்டதா? பதினொரு மணிக்கு எழுந்து சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்தேன். காணோம். மனைவி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். அன்றைக்கு ஒன்பது வயதாக இருந்த மகனுக்கு இப்போது இருபது. 'நான் ஓட்டறேன்பா' என்று எழுந்து வந்தான். அவனைப் பெற்றவள் ஒரு பார்வை பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டான். காலை விமானத்துக்கு மூன்று டிக்கெட். விலையைச் சொல்லவேண்டாம், அந்த நேரத்து விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் விடிகிறவரை ஐந்து மணி நேரம். எதற்குப் பயந்து 2011ல் காரை எடுத்தேனோ, அந்த ஐந்து மணி நேரம். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் சும்மா. பிறகு மகன் பாட்டியைப் பற்றி ஏதோ கேட்டான். சொன்னேன். அம்மை பிறந்தது திருவிதாங்கூரில், கலியாணம் கழிந்தது தமிழ்நாட்டில், இரண்டும் ஒரே தெரு என்பதைச் சொன்னேன். சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. மனைவி தடுக்கவில்லை. அழுது முடித்தபோது மூன்று மணி இருக்கும். அரை மணி நேரம் கண் அசந்தேன்.

அப்பாவுக்காக நான் அப்படி அழவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கிறவன் எப்படி அழுவது? கண் கலங்கினால் சாலை தெரியாதே. வீட்டுக்கு வந்தபிறகு ஆள், சடங்கு, பந்தல், காப்பி. அவருக்கு உரிய ராத்திரியை நான் கியர் போடுவதில் செலவழித்துவிட்டேன்.

விமானம் கடலோரம் தென்னைகளின் மேலே தாழ்ந்து இறங்கியது. டாக்சி டிரைவரிடம் முதலில் கேட்டது, 'ராத்திரி தூங்கினீங்களா?' அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, 'உறங்ஙி சாரே' என்றார். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை. பதினோரு மணிக்கு அம்மை பக்கத்தில் உட்கார்ந்தேன். தோவாளைப் பிச்சியும் செவ்வந்தியுமாக மாலை. மூணு மணிக்கு மேல்தான் எடுத்தோம். நாலு மணி நேரம் அவளோடு இருந்தேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பறந்து போவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. உடம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, மனசு கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது. காவல்கிணறு விலக்கும் காற்றாலைகளும் இல்லாமல், 'இதோ வந்துவிட்டது' என்று மனசைத் தயார் செய்ய நேரமில்லாமல், சட்டென்று பந்தலுக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். சாலை தருகிற அந்த அவகாசத்தை விமானம் தராது. அதனால்தான் இன்றைக்கும் பொங்கலுக்குப் போவதென்றால் நான் கார் கட்சிதான். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துத் தூங்கி, விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்கி, மகனும் நானுமாக மாற்றி மாற்றி ஓட்டி, விளக்கு வைப்பதற்கு முன்னால் ஊர் போய்ச் சேருகிறோம். இடம் கிடைத்தால் ரயில். 2024 ஆகஸ்ட் 31ல் தொடங்கிய வந்தே பாரத், எழும்பூரில் இருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் ஒன்பது மணி நேரத்தில் பகலிலேயே கொண்டுபோய் விடுகிறது.

கெட்ட செய்தி வந்த ராத்திரியில் மட்டும் காரைத் தொடுவதில்லை. விமானம், பஸ், ரயில், தூங்கி எழுந்த ஒரு டிரைவர், எதுவானாலும் சரி, ஸ்டீயரிங் இன்னொருத்தர் கையில் இருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தைப் பட்டுத்தான் ஆகவேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் வெளியூரில் இருப்பவர்கள். மீதிப்பேர் ஊரில் இருந்து போன் செய்கிறவர்கள். இரண்டாவது ஆட்களிடம்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். செய்தியைச் சொல்லிவிட்டு, 'எப்ப வருவே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் அவனை நடுராத்திரியில் காருக்குள் ஏற்றுகிறது. 'நீ வந்த பிறகுதான் எடுப்போம்' என்று சொல்லுங்கள். ஐஸ் பெட்டி இல்லாத ஊர் இன்றைக்கு இல்லை.

போன மாதம் பெங்களூரில் இருக்கிற என் தங்கை மகனுக்கு ஒரு செய்தியை நான் சொல்ல வேண்டி வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி. அவனிடம் புதுக் கார் இருக்கிறது, கையும் வேகம். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது.

'மக்கா, இரு. உக்காரு' என்றேன். 'விடிஞ்சு பைய வா.'